பதில்: தேயிலை லேபிள் எல்லாம் பின்ட்ரெஸ்ட் மாதிரியே வருகிறது

தம்பி, கோத்தகிரி தேயிலைப் பொட்டலத்துக்கு மூன்று லேபிள் போட்டும், "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்று கடைக்காரர் திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மூன்றையும் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது. கண் பழகியதுதான் பின்ட்ரெஸ்ட் என்கிற படத்தளத்தில் மட்டும்.

ஒரு வாரம் அதை மூடிவையுங்கள். ஊட்டியில் ஒரு பூத்துக்குளியை, அதாவது தோடர் பழங்குடியினரின் பூவேலைச் சால்வையை, கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல், அவ்வளவுதான். துணியில் முன்கூட்டி எதுவும் வரைவதில்லை. இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். நாம் லேபிளில் போடும் கிரிட்டும் (கட்டக்கோடுகள்) அதே கணக்குதான். ஆனால் அந்த வடிவத்தை அப்படியே லேபிளில் ஒட்டிவிடாதீர்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை, அது அவர்களுடையது. இரண்டே நிறத்தில் நிற்கிற துணிச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் குன்னூரில் தொடங்கியபோது இப்படித்தான் திணறினேன். அப்புறம் காலையில் தோட்டத்துக்குப் போய், கவ்வாத்து செய்த, அதாவது மேல்கிளைகளை வெட்டிவிட்ட, தேயிலைச் செடிகளைப் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். வெட்டுப்பட்ட முனைகள் ஒரே மட்டத்தில் நிற்கும். அடியில் கிளைகள் முறுக்கிக்கொண்டு போகும். என் முதல் நல்ல லேபிள் அந்தக் கோட்டிலிருந்துதான் வந்தது.

இருபது தாள் வரைந்த பிறகு கணினியைத் திறங்கள். சரி, அந்தத் தாள்களைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.