டயானா டராசியை மகளிர் கூடைப்பந்தின் தலைசிறந்த வீராங்கனை என்று ஏன் சொல்கிறார்கள்?
வெற்றிகளின் எண்ணிக்கையை விட, அவை நீடித்த காலமே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு 2002 முதல் 2004 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களை வென்று தந்த டராசி, அதன்பின் அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஃபீனிக்ஸ் மெர்குரி என்ற ஒரே அணிக்காக 20 பருவங்கள் ஆடி, 2007, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் கோப்பையைக் கைப்பற்றினார்.

2023 ஆகஸ்ட் 3 அன்று நடந்த ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லீக் ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து 10,000 புள்ளிகளை எட்ட இன்னும் 18 புள்ளிகள் தேவைப்பட்ட நிலையில், மூன்றாவது கால்பகுதியில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து வளையத்துள் விழ, அந்த லீக்கில் இந்த இலக்கைத் தொட்ட முதல் வீராங்கனையானார். அத்துடன் நிற்காமல், அன்று மொத்தம் 42 புள்ளிகள் குவித்தார். அப்போது அவருக்கு வயது 41!

ஒலிம்பிக்கில் 2004 ஏதென்ஸ் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஆறு தங்கப் பதக்கங்கள் பெற்றார். பாரிஸ் இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 2025 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார்.