மலைக்குப் போகும் செலவும் மலை படும் பாடும்: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெங்களூருக்குச் சுற்றிலும் உள்ள மலைகளுக்கும் காடுகளுக்கும் சேர்ந்து போய்வரும் எங்கள் தமிழ் நண்பர் வட்டத்தில், அதற்காகும் செலவையும் அதனால் இயற்கைக்கு நேரும் பாதிப்பையும் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளாக இந்தப் பாதைகளில் நடந்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு தாய்: மாதம் இரண்டு முறை நாங்கள் நால்வரும் காரில் நந்தி மலைக்குப் போகிறோம். செலவு கட்டுப்படியாகவில்லை, புகையை நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. போவதையே நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம், அம்மா. கணக்கை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நந்தி மலை இங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போக வர 120 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், ஒரு காலைப்பொழுதுக்கு 18 கிலோவுக்கு மேல் ஆகிறது. பெட்ரோல் செலவு மட்டுமே 800 ரூபாயைத் தாண்டும். நீங்கள் நால்வராகப் போவதால் தலைக்கு நாலரை கிலோதான். ஆளுக்கொரு காரில் தனியாக வருகிறவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. இரண்டு பயணங்களில் ஒன்றை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வழித்தட மெட்ரோவில் தலகட்டபுரா வரை போனால், துரஹள்ளிக் காட்டுக்கு அங்கிருந்து ஆட்டோவே போதும். லால்பாக்கில் பிள்ளைகள் ஏறி விளையாடும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அது ஒரு பூங்காவாக மட்டும் அவர்களுக்குத் தோன்றாது. நந்திக்கே போக வேண்டுமானால் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்து உண்டு. சூரிய உதயம் கிடைக்காமல் போகலாம். ஆனால் விடியற்காலையில் அடிவாரத்தில் வாகனங்கள் வரிசைகட்டி நின்று புகை கக்கும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்: புதிதாக மலையேறத் தொடங்குகிறேன். கூடாரம், தூக்கப்பை, மேலங்கி, காலணி என்று பட்டியல் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

காலணியிலிருந்து. மற்றவற்றை முதல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுங்கள், அல்லது நண்பர்களிடம் இரவல் வாங்குங்கள். ஆண்டில் நான்கு இரவுகள் மட்டுமே பயன்படப்போகும் கூடாரம், மீதி நாளெல்லாம் உங்கள் பரணில்தான் கிடக்கும். காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நான் ஒருமுறை விலை மலிவு என்று வாங்கிய காலணியின் அடிப்பகுதி, சாவனதுர்காவின் சரிவான பாறையில் நடுவழியில் கழன்றுவிட்டது. வெறுங்காலோடு, உட்கார்ந்தபடியே இறங்கினேன். அதற்குப் பிறகு அடிப்பகுதியை மாற்றித் தைக்கக்கூடிய காலணியையே தேடி வாங்கினேன். அதற்கு இரண்டு முறை அடி மாற்றியாகிவிட்டது, இன்னும் உழைக்கிறது. கம்பளி போலத் தோன்றும் பாலியெஸ்டர் மேலங்கி (ஃபிலீஸ்) ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் உதிர்க்கும் என்பதால், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் துவைக்காமல் வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தாலே பெரும்பாலும் போதும்.

ராஜாஜிநகரிலிருந்து ஒருவர்: பழத்தோலும் மீந்த சோறும் மக்கிப்போகும்தானே? மலையிலேயே போட்டால் என்ன?

போடாதீர்கள். வறண்ட பாறையின் மேல் அவை எளிதில் மக்குவதில்லை. அதற்குள் குரங்குகள் வந்துவிடும். மனிதர் கை உணவுக்குப் பழகிய குரங்கு பையைப் பிடுங்கும், சாலையோரம் காத்திருந்து வண்டியில் அடிபடும். புளியோதரையை எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போய், தோலையும் மிச்சத்தையும் அதே தூக்கில் திரும்பக் கொண்டுவாருங்கள். காகிதத் தட்டுகளில் பலவற்றின் மேற்பூச்சு பிளாஸ்டிக்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

கம்மனஹள்ளியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: வனத்துறைக் கட்டணம் கட்டாமல் ஏற வேறு வழிகள் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். எங்களிடம் பணம் குறைவு, ஐயா.

தம்பி, மலிவான வழி மலைக்குக் கேடாக முடிவது இங்கேதான். 2024 ஜனவரியில், குடியரசு தின விடுமுறையின்போது மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குமார பர்வதத்தில் கூட்டம் நெருக்கியடித்த பிறகுதான், இணையவழி முன்பதிவு இல்லாத மலையேற்றங்களைக் கர்நாடக அரசு நிறுத்திவைத்தது. ஒரு பாதை ஒரு நாளில் தாங்கக்கூடிய ஆட்களுக்கு ஓர் அளவு இருக்கிறது. முன்பதிவு அந்த அளவைக் காக்கிறது. புதர் வழியாகப் புதுத்தடம் போட்டு ஏறினால், அடுத்த மழையில் அந்தத் தடத்தின் மண் அரித்துப் போகும். பணம் குறைவென்றால் கட்டணம் இல்லாத ஏரிக்கரைகளில் நடங்கள்; ஜக்கூர் ஏரி உங்களுக்குத் தூரமில்லை. அனுமதி வேண்டிய மலைக்கு ஆண்டில் ஒருமுறை, சேர்த்துவைத்துப் போங்கள்.

கெங்கேரியிலிருந்து ஓர் அம்மா: ராமநகரத்துக்கு ரயிலில் போனால் செலவு மிகக் குறைவு. பிள்ளைகளோடு ராமதேவர பெட்டாவுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கருங்கழுத்துப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகுகளுக்காக 2012-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலை அது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போடப்பட்டு இறந்த கால்நடைகளைத் தின்றதால் நாடு முழுவதும் பாறுகள் மடிந்தன. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அதைத் தருவது தடைசெய்யப்பட்டது. இந்தப் பறவை ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டைதான் இடும். குளிர்காலத்தில் பாறை விளிம்பில் கூடு வைக்கும். ஆகவே ஒலிபெருக்கி வேண்டாம், உரக்கக் கூப்பிடுவதும் வேண்டாம். வனத்துறை அனுமதிக்கும் படிகளோடு நின்றுவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஓர் இருகண்நோக்கியை இரவல் வாங்கிச் செல்லுங்கள். காரில் போகாமல் மிச்சமான பணத்தில், திரும்பும் வழியில் ஊருக்குள் இருக்கும் சிறிய கடையில் தட்டு இட்லி வாங்கிக் கொடுங்கள்.