குதிக்கால் கொப்பளமும் ஏழு வயதுப் பொறுமையும்

கேள்வி: எனது மகளுக்கு 7 வயது. ஸ்காபரோவில் இருக்கிறோம். பனித்தளத்தில் வழுக்கி ஆடுகிற ஃபிகர் ஸ்கேட்டிங் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டாள், போன ஒக்டோபரில் கான்ஸ்கேட் என்கிற, கனடாவின் தொடக்க ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தோம். வளருகிற பிள்ளை, இரண்டு பனிக்காலமாவது ஓட வேண்டும் என்று இவர் சொன்னதால் ஸ்கேட்ஸை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, தடித்த சொக்ஸ் இரண்டு சோடி போட்டு அனுப்புகிறேன். கூடச் சேர்ந்த பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள். இவளுக்குக் கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது. ஜாக்ஸன், ரீடெல், எடியா, இதில் எந்தக் கம்பனி நல்லது? பிள்ளை எதற்கும் முறைப்பாடு சொல்லமாட்டாள். போன கிழமை குதிக்காலில் கொப்பளம் வெடித்திருந்ததைக் கண்டபோதும், "அப்பாட்ட சொல்லாதேங்கோ அம்மா" என்றுதான் கேட்டாள். அவ்வளவு பொறுமை.
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, கம்பனிப் பெயருக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. கால் தோல் உரிந்து நிற்கிற 7 வயதுப் பிள்ளை, வலிக்கிறது என்று அழாமல், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்கிறாள். அதை நீங்கள் பொறுமை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பயம். ஸ்கேட்ஸின் விலை உங்கள் வீட்டில் அவள் காதுபடப் பேசப்பட்டிருக்கிறது. ஒருமுறை அல்ல, பலமுறை. "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது" என்ற வார்த்தை அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காலில் வலி என்றால் அப்பாவின் காசு வீணாகிவிட்டது என்று அந்தப் பிள்ளை கணக்குப் பார்க்கிறாள்.

நான் சிக்கனத்துக்கு எதிரியில்லை. நானும் நுனியில் பஞ்சு அடைத்த சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போனவள்தான். ஆனால் வீட்டுக் கணக்கு பெரியவர்கள் சுமக்கிற சுமை. அதைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது பிழை, எந்த நாட்டில் இருந்தாலும் பிழை. நீங்களும் அவள் கேட்டபடியே அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வலித்தால் மறைக்கலாம், அம்மாவும் சேர்ந்து மறைப்பாள் என்று பிள்ளை பழகினால், பதினாறு வயதில் அவள் எதையெதை மறைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

பஞ்சு அடைத்த சப்பாத்தோடு நான் நடந்தது மண் தரையில். உங்கள் மகள் நிற்பது சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பின் மேல். ஸ்கேட்ஸின் அடியில் பூட்டியிருக்கிற அந்த பிளேட்டின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் பள்ளம் எடுத்து, இரண்டு பக்கமும் விளிம்பு விட்டிருப்பார்கள். உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று மாற்றி மாற்றிச் சாய்வதுதான் ஃபிகர் ஸ்கேட்டிங். பாதம் சப்பாத்துக்குள்ளே வழுக்கிக்கொண்டிருந்தால், கால் ஒரு பக்கம் சாய பிளேட் வேறு பக்கம் போகும். கணுக்கால் உள்ளே மடிவதைப் பார்த்து, பிள்ளைக்குக் கால் பலமில்லை என்று நினைக்காதீர்கள். பெரிய சப்பாத்துக்குள் யார் நின்றாலும் அப்படித்தான் மடியும். குதிக்கால் மேலும் கீழும் உரசுவதால்தான் கொப்பளம் வந்தது.

இன்னொரு விஷயம். ஸ்கேட்ஸின் இலக்கம் பொதுவாக வெளியே போடுகிற சப்பாத்தின் இலக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை குறைவாக இருக்கும். வெளிச் சப்பாத்தை வைத்து "இரண்டு சைஸ் பெரிது" என்று வாங்கியிருந்தால், உண்மையில் மூன்று, மூன்றரை சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறீர்கள். கான்ஸ்கேட்டில் ஐந்தாம் ஸ்டேஜ், அதாவது ஐந்தாம் படி, வரை சிஎஸ்ஏ என்கிற கனடியத் தர முத்திரையுள்ள ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். அதையும் வளருகிற தலை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினீர்களா? இல்லைத்தானே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பெட்டிக்கடை போல எல்லாம் விற்கிற பெரிய கடைக்குப் போகாமல், ஸ்கேட்ஸ் மட்டும் பார்த்து அளந்து கொடுக்கிற கடைக்குப் போங்கள். பிள்ளையை நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றில்லை, அகலத்தையும் பார்க்க வேண்டும். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு பென்சில் போகிற அளவு இடம் போதும். வளர்ச்சிக்கு அரை சைஸ், அதற்கு மேல் வேண்டாம். பிறகு குதிக்காலைப் பின்னால் தட்டி வைத்து லேஸைக் கட்டி, முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். மடிக்கும்போது விரல் நுனி முன்பக்கத்திலிருந்து விலக வேண்டும், குதிக்கால் மேலே எழும்பக் கூடாது.

சொக்ஸ் ஒன்று போதும், மெல்லியதாக. இரண்டு தடித்த சொக்ஸ் குளிருக்கு நல்லது என்று நினைக்கிறீர்கள். கால் வேர்த்து, ஈரமாகி, இறுகி, இன்னும் குளிரும்.

கணுக்கால் பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். துணிப்பை போல மடங்கினால் அது வேண்டாம். அதற்காக, குதித்துச் சுழலுகிற பிள்ளைகள் போடுகிற மிகக் கெட்டியான பூட்டையும் வாங்காதீர்கள். தொடங்குகிற பிள்ளைக்கு அதற்குள் முழங்காலும் கணுக்காலும் மடியாது. கம்பனி கேட்டீர்கள். நீங்கள் சொன்ன மூன்றிலும் தொடக்கப் பிள்ளைகளுக்கான ஸ்கேட்ஸ் உண்டு. அவள் பாதத்தின் வடிவத்துக்கு எது ஒட்டுகிறதோ அதுதான் அவளுடைய கம்பனி. வாங்கியவுடன் பிளேட்டைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். பல புது ஸ்கேட்ஸ் தீட்டாமல்தான் வரும்.

காசு முட்டாக இருந்தால் பாவித்த ஸ்கேட்ஸ் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளின் கால் சீக்கிரம் வளர்வதால் ஒரு பருவம் மட்டும் போட்டது நிறையக் கிடைக்கும். கணுக்காலில் ஆழமான மடிப்பு விழுந்திருக்கக் கூடாது, பிளேட் தேய்ந்து மெலிந்திருக்கக் கூடாது. சரியான அளவில் உள்ள பழையது, பெரிய புதியதைவிட எத்தனையோ மடங்கு நல்லது. உங்களிடம் இப்போது இருப்பதை விற்றுவிடுங்கள். இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பனிக்காலம் ஓட வேண்டும் என்று அவர் வாங்கியது, ஒரு பனிக்காலம்கூட அவளை ஓடவிடவில்லை.

கடைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அவர் போகட்டும். அதற்கு முதல் இன்றிரவே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொப்பளத்தை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் என்ன விலை என்று தொடங்கினால் நிறுத்துங்கள். அவர் சொல்லவேண்டியது "நோகுதா, காட்டு பாப்பம்" என்பது மட்டும்தான். கடையில் குந்தியிருந்து லேஸ் கட்டுவதும் அவராக இருக்கட்டும். விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் மடிகிற இடத்தில் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் முழங்கால் மடிகிற அளவுக்கு. நோகிறதா என்று அவரே வாயால் கேட்க வேண்டும், அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் கிழமை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். புண் காயட்டும்.