கடினமான கணக்கையே போடும் பிள்ளை, நேரம் வைத்த தேர்வில் திணறுவது ஏன்?

9 வயது மகள் பெரிய புதிர்க் கணக்குகளை ரசித்துப் போடுகிறாள், ஆனால் 5 நிமிடத்தில் 50 பெருக்கல் என்றால் பாதிகூட முடிப்பதில்லை என்கிறீர்கள். அவளிடம் 7×8 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வாய்ப்பாட்டை ஒப்பிக்காமல், "ஏழேழு 49, இன்னொரு ஏழு சேர்த்தா 56" என்று போகிறாளா? அப்படியானால் ஒவ்வொரு விடையையும் புதிதாகக் கட்டி எடுக்கிறாள். புரிதல் அருமை, வேகம்தான் வராது.

அப்புறம் பதற்றம். இடையில் வரும் எண்களைப் பிடித்துவைக்க மனதில் கொஞ்சம் இடம்தான் உண்டு. கடிகாரக் கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். உளவியலாளர்கள் சியான் பைலாக், தாமஸ் கார் இருவரும் 2005-ல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், அழுத்தம் கூடியதும் கடினமான கணக்குகளில் சறுக்கியவர்கள் இப்படி மனதில் பிடித்துவைக்கும் திறன் அதிகம் உள்ளவர்களே! கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1950-ல் பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோரன் ஷ்வார்ட்ஸும் பள்ளியில் தன்னை மந்தம் என்றுதான் நினைத்திருந்தார்.

சரி, என்ன செய்யலாம்? அதே தாளைக் கடிகாரம் இல்லாமல் கொடுங்கள். எல்லாம் சரியாக வந்தால் கணக்கில் குறையில்லை. திக்கும் பெருக்கல்களை மட்டும் நாளுக்கு மூன்று என்று விளையாட்டாகப் பழக்குங்கள், ஸ்டாப்வாட்ச் வேண்டாம். எண்களை எழுதவே நேரமெடுத்தால், எழுத்துகளும் குழம்பினால், டிஸ்லெக்ஸியா (வாசிக்க, எழுதச் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) பரிசோதனை செய்துவிடுங்கள். அது உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.