36 டிகிரியில் ஒரு நாள் வேலை நடந்தது, ஒரு நாள் மயக்கம் வந்தது ஏன்?

கேள்வி: கைப்பேசி இரண்டு நாள்களிலும் 36 டிகிரி என்றே காட்டியது. முதல் நாள் மக்காச்சோளத்தில் களையெடுப்பு தடையின்றி நடந்தது. அடுத்த வாரம் அதே வேலையில் இருவர் மயங்கினர். உடல் உணரும் வெப்பத்தை வயலிலேயே அளக்க முடியுமா? வெப்ப அலையை எப்படிக் கண்காணிப்பது?

பதில்: கைப்பேசி காட்டுவது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை மட்டுமே. இந்த வெப்பத்தில் உடல் குளிர்வது பெரும்பாலும் வியர்வை ஆவியாவதால்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை உலராமல் வழிந்தோடுமே தவிர, உடல் சூட்டைக் குறைக்காது. வளர்ந்த மக்காச்சோளத்தின் உள்ளே காற்றோட்டம் தடைபடுவதோடு இலைகள் வெளிவிடும் ஈரமும் தேங்குவதால், வரப்பில் நிற்பவரைவிட உள்ளே குனிந்து வேலை செய்பவருக்குப் புழுக்கம் அதிகம்.

இரண்டு வெப்பமானிகளை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் நனைத்த மல் துணியைச் சுற்றி, அளவு இறங்காமல் நிற்கும்வரை விசிறுங்கள். உலர்ந்தது 36, ஈரமானது 24 என்றால் ஈரப்பதம் சுமார் 37 சதவீதம். வியர்வை நன்றாக உலரும். ஈரமானது 30 என்றால் ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உடலுக்கு அது ஏறக்குறைய 50 டிகிரி போலத் தோன்றும். உப்பு நீரில் நனைத்த துணி சில நாள்களில் விறைத்து, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தி, துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

நேர் வெயிலில் வேலை என்றால் இதுவும் போதாது. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக உருவான முறையில், வெயிலில் விசிறாமல் வைத்த ஈரக்குமிழ் (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி) அளவில் 70 சதவீதம், கருங்கோள வெப்பமானியின் (வெயிலில் வைத்த கருப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி) அளவில் 20 சதவீதம், நிழல் காற்றின் அளவில் 10 சதவீதம் ஆகியவற்றைக் கூட்டுகிறார்கள். அவை முறையே 28, 48, 36 எனில் விடை 32.8. வெயிலுக்குப் பழகியவர்கூட நடுத்தர உழைப்பை இடைவேளையின்றித் தொடர இந்தக் கூட்டுத்தொகைக்கு 28தான் எல்லை என்பதால், அந்த நேரத்தில் களையெடுப்பை நிறுத்திவிடுவதே சரி. புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும் கொடுத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். உடல் பழக ஓரிரு வாரங்கள் ஆகும்.

மயக்கத்துடன் பேச்சு குழறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ, உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள். நினைவு தெளியாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

வெப்ப அலைக்கான வரையறை நாட்டுக்கு நாடு மாறும். அறிவிப்புக்காகக் காத்திராமல், பகலின் உச்ச அளவு, பிற்பகல் ஈரக்குமிழ் அளவு, விடியற்காலையின் குறைந்த அளவு ஆகிய மூன்றையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். இவற்றில் நான் முதலில் பார்ப்பது விடியற்காலை அளவைத்தான். இரவும் தணியாமல் இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்தால், முந்தைய நாளின் சூடு ஆறாத உடலோடுதான் ஆள்கள் வயலுக்கு வருகிறார்கள்; பகல் அளவு ஏறாவிட்டாலும், அன்றிலிருந்தே வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.