விழுந்த முதிரையை அறுக்கலாமா?

வவுனியாப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: "வளவில் நின்ற பெரிய முதிரை மரம் காற்றுக்கு விழுந்துவிட்டது. புது வீட்டுக்குக் கதவு, நிலை செய்ய ஆசை. பெர்மிட் எல்லாம் தானே எடுத்துத் தருவதாகவும், பாதி மரம் தனக்கு வேண்டும் என்றும் ஒருவர் கேட்கிறார். பிந்தினால் மரம் உளுத்துவிடுமாம். சம்மதிக்கலாமா?"

வேண்டாம். முதிரையின் வைரம், அதாவது உள்ளே இருக்கும் கடினமான பகுதி, லேசில் உளுக்காது. வெளிப்பக்கத்து வெள்ளையைப் பூச்சி அரிக்கும், அது எப்படியும் கழிவுதான். வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும்; சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். முறிந்த முகத்துக்குப் பெயின்ற் பூசி, மேலே கிடுகு போட்டு மூடிவிடுங்கள். அதிகாரிகள் பார்க்கும்வரை வாள் வைக்க வேண்டாம். விழுந்தபடியே நாலு படம் எடுத்து வையுங்கள்.

சொந்தக் காணி மரம், அதுவும் தானாக விழுந்தது, இதற்கும் பெர்மிட்டா என்று கேட்பீர்கள். ஆம், முதிரையை ஏற்றி இறக்கப் பெர்மிட் வேண்டும். காணி உங்களுடையது என்று காட்டும் உறுதியின் பிரதி, காணிப் படம், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வன இலாகாவினர் வந்து பார்த்து அளப்பார்கள். ஒருவர் இருக்கும் நாளில் மற்றவர் கூட்டத்துக்குப் போயிருப்பார். ஒற்றை மரத்துக்கு இத்தனை அலைச்சல் வைத்திருப்பதால்தான் தரகருக்குப் பிழைப்பு நடக்கிறது.

அவருக்கு உங்கள் பாதி மரத்தை விட உங்கள் பெயரிலுள்ள பெர்மிட்தான் பெரிது. அதைக் காட்டிக் காட்டில் திருடிய முதிரையையும் ஏற்றலாம். பிடிபட்டால் மரமும் லொறியும் பறிபோகும். விசாரணைக்கு உங்களைத் தேடி வருவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. குற்றிகளின் எண்ணிக்கை, அளவு, வாகன இலக்கம், திகதி எல்லாம் நிரப்பியிருக்கிறதா என்று பார்த்து, லொறியோடு நீங்களே போங்கள்.

இன்னொன்று. காணி உறுதிக் காணியா, அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணியா? வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டாவது வகை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருபவை. அப்பா காலத்திலிருந்து இருந்தாலும், வேலி உங்களுடையதாக இருந்தாலும், நிலம் இன்னும் அரசுடையது. அதில் தானாக முளைத்த பெறுமதியான மரத்தை உங்கள் சொத்தென்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காணிப் பத்திரம் மரத்துக்கான பெர்மிட்டும் ஆகாது. உங்களுடையது அந்த வகை என்றால், விண்ணப்பிக்கும் முன்பே பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பத்திரத்தைக் காட்டி, மரம் யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கதவுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரிவந்து ஆலைக்குப் போனால், அறுப்பவர் மூக்கை மூடிக்கொள்ளட்டும், கைக்கும் உறை போடட்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொடுக்கும்.