வாசகர் கேள்வி–பதில்: வடிகட்டி மீது பழி போடுமுன்

கேள்வி: 1999-இல் நடந்த என் அக்காளின் திருமண மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) நாடாவைக் கணினியில் ஏற்றி, காணொளியையும் ஒலியையும் மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் யாடிஃப் வடிகட்டியில் வினாடிக்கு 50 படங்கள் வரும்படி செலுத்தினேன். சீப்புப் பல் போன்ற கோடுகள் மறைந்தன. ஆனால் மாலை மாற்றும்போது கைகள் முன்னே போவதும் பின்னே வருவதுமாகத் துடிக்கின்றன. இது வடிகட்டியின் வழுவா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: வழு வடிகட்டியில் இல்லை, அதற்குக் கிடைத்த தகவலில் இருக்கிறது. அக்காலத்தில் நம் மலேசியாவில் விற்ற கேமராக்கள் பால் முறையில் (பசும்பால் அல்ல, ஒளிபரப்பு முறையின் பெயர்) வினாடிக்கு 25 படங்களைப் பதிந்தன. ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளைக் கொண்ட இரு பாதிகளின் பின்னல். இரண்டாம் பாதி முதல் பாதிக்கு ஐம்பதில் ஒரு வினாடி கழித்து எடுக்கப்பட்டது. யாடிஃப் இந்தப் பின்னலைப் பிரித்து 50 படங்களாகத் தரும்போது எந்தப் பாதி முந்தையது என்று அறிந்தாக வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கோப்பில் உள்ள குறிப்பையே அது நம்பும். மினி டிவி நாடாவில் கீழ்ப்பாதிதான் முதலில் வரும். கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியபோது அந்தக் குறிப்பு தொலைந்தோ தவறியோ இருந்தால், பின்னால் நடந்தது முன்னால் காட்டப்பட்டு, அக்காளின் கை துடிக்கும்.

ஐந்து வினாடித் துண்டை மட்டும் வெட்டி, ஐடெட் என்னும் வடிகட்டியில் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாதி முந்தையது என்பதை அது எண்ணிச் சொல்லும். பிறகு யாடிஃபின் பேரிட்டி விருப்பத்தில் பிஎஃப்எஃப் (கீழ்ப்பாதி முதலில்) என்று கொடுத்தால் போதும். அளவு மாற்றும் ஸ்கேல் வடிகட்டியை யாடிஃபுக்குப் பின்னாலேயே வையுங்கள். முன்னால் வைத்தால் இரு பாதிகளின் வரிகளும் குழைந்துவிடும், அதன்பின் எந்த வடிகட்டியாலும் அவற்றைப் பிரிக்க இயலாது.

கேள்வி: பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் பதிந்த உறுமி மேளத்தின் ஒலியளவை எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் வடிகட்டியில் சீராக்கினேன். வேவ் கோப்பு நான்கு மடங்கு பெருத்துவிட்டது. மெல்லத் தொடங்கும் உறுமல் உரத்தும், மேளம் வெடிக்கும் இடம் அடங்கியும் கேட்கிறது. (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: இரண்டு அடுத்தடுத்த மாதிரிகளுக்கு (ஒலியை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து பெறும் எண்களுக்கு) நடுவே ஒளிந்திருக்கும் உச்சத்தைப் பிடிப்பதற்காக, லவுட்நார்ம் ஒலியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திக் கணக்கிட்டு, அப்படியே வெளியே தருகிறது. உங்கள் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு நான்கு மடங்கானது அதனால்தான். அதை அடுத்து, மாதிரி எண்ணிக்கையை மாற்றும் ஏரீசாம்பிள் வடிகட்டியைச் சேர்த்து 48000 எனக் கொடுங்கள்.

ஒலி ஏறி இறங்குவதற்குக் காரணம், ஒரே ஓட்டத்தில் வேலை செய்யும்போது வடிகட்டிக்கு முழுப் பதிவும் தெரியாததே. முதல் ஓட்டத்தில் அளவை மட்டும் எடுத்து, இரண்டாம் ஓட்டத்தில் அந்த எண்களைக் கொடுத்தால், பதிவு முழுவதையும் ஒரே அளவில் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒலியேற்ற இறக்க வீச்சின் (எல்ஆர்ஏ) இயல்பு இலக்கு 7. உறுமி மேளத்தின் வீச்சு அதைத் தாண்டினால், வடிகட்டி பழைய முறைக்கே திரும்பிவிடும். எல்ஆர்ஏ இலக்கை, அளந்து கிடைத்த எண்ணுக்குக் குறையாமல் வையுங்கள். இரைச்சல் நீக்கும் வடிகட்டியை இந்தப் பதிவின் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்பது என் கருத்து: வளைந்த குச்சி தோலில் உரசும் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடக் கூடும்.

கேள்வி: உண்மையிலேயே வழு இருந்தால் என்ன செய்வது? எனக்குச் சி மொழி ஓரளவே தெரியும். (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: ஓரளவு போதும். முதலில் அண்மைய மூலநிரலைத் தொகுத்து (கம்பைல் செய்து), வழு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மென்பொருளை உருவாக்குவோருக்கு வீட்டுக் காணொளியை அனுப்பாமல், மென்பொருளே உருவாக்கித் தரும் டெஸ்ட்எஸ்ஆர்சி சோதனைப் படத்திலோ சைன் ஒலியிலோ அதே கோளாறை வரவழைக்கப் பாருங்கள்; வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய பதிப்பில் சரியாக இருந்தது என்றால், நிரல் மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் மூலம் ஆயிரம் மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பத்துச் சோதனைகளில் பிடிக்கலாம்.

சில படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் வடிகட்டிகளில், கோப்பின் முடிவை முதலில் பாருங்கள்: உள்ளீடு தீர்ந்ததும், வைத்திருப்பதை விடாமல் வெளியே தருகிறதா என்று நுழைந்த படங்களையும் வந்த படங்களையும் எண்ணுங்கள். திருத்தம் ஒரே வரியானாலும் எஃப்எஃப்எம்பெக்கின் ஃபேட் சோதனைத் தொகுப்பை ஓட்டிவிட்டு அனுப்புங்கள். அது ஒவ்வொரு படத்தின் சரிபார்ப்பு எண்ணையும் முன்பு பதிந்து வைத்த எண்ணோடு ஒப்பிடும். உங்கள் திருத்தத்தால் எண் மாறுகிறது என்றால், ஏன் மாறியது என்பதைத் திருத்தத்தோடு எழுதி, புதிய எண்ணையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.